செத்த வீட்டுச் சோறு

தன்னுடைய செத்த வீட்டுக்குத் தானே ஒத்திகை பார்த்த மனுஷி எங்கள் பெரியம்மா. பள்ளிக்கூடத்தில் ரீச்சர், சபையில் பாடகர் குழுவின் தலைவி. பாட்டு பிசகினால் பெட்டிக்குள் இருந்து எழும்பி வந்தாவது குட்டுவார் என்று எல்லோருக்கும் தெரியும்.

வயிற்றில் புற்றுநோய். இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று டாக்டர்கள் அனுப்பிவிட்டார்கள். கல்முனையில் எங்கள் வீட்டு முன்னறையில் கட்டிலைப் போட்டு, அம்மா தன் அக்காவைப் பார்த்துக்கொண்டார். நானோ ஆண்டவரோடு தனியாக ஓர் ஒப்பந்தம் செய்திருந்தேன். நான் இனிப்பைத் தொடமாட்டேன், அவர் பெரியம்மாவைச் சுகமாக்க வேண்டும். ஆகவே ஒரு சனிக்கிழமை பாடகர் குழு வந்து அடக்கப் பாட்டைத் தொடங்கியபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுகத்துக்கு ஜெபிக்க வேண்டியவர்கள் இப்படிப் பாடினால் ஆண்டவர் என்ன நினைப்பார்?

பெரியம்மா தலையணையில் சாய்ந்துகொண்டு, கரண்டியால் கட்டிலில் தாளம் தட்டினார்.

“இழுக்காதீங்க புள்ளயள்! நீங்க பாடி முடிக்கக்குள்ள நான் மோட்சத்துக்குப் போய்த் திரும்பியும் வந்திருவன். சந்தோசமாப் பாடுங்க. நான் போறது என்ர தகப்பன்ட வீட்டுக்கு.”

ஒன்றை மட்டும் எல்லோரும் மறந்துபோனோம். ஒழுங்கையில் எங்களைத் தவிர மற்றதெல்லாம் முஸ்லிம் வீடுகள். அந்தப் பாட்டை அவர்கள் கடைசியாகக் கேட்டது, பெரியப்பாவை இதே அறையில் பெட்டியில் வைத்திருந்த அன்று. அடுத்த வீட்டு ராத்தா அடுப்படியில் நின்றபடியே ரீச்சர் மௌத்து, போய்விட்டார் என்று முடிவுகட்டிவிட்டார். மௌத்தான வீட்டில் அடுப்பு மூட்டவிடாமல் அக்கம்பக்கத்தார் சோறு கொடுப்பது அவர்கள் வழக்கம். தன் பிள்ளைகளுக்கு ஆக்கிய பகல் சோற்றையும் மீன் ஆணத்தையும் சட்டியோடு தூக்கிக்கொண்டு அழுதபடி ஓடிவந்தார். பின்னால் அவருடைய புருஷன், ஆட்டோ நிறையப் பிளாஸ்டிக் கதிரைகளோடு.

வாசலில் ராத்தா அப்படியே நின்றுவிட்டார். பாட்டும் நின்றது.

“ஆருக்குத் தங்கச்சி சோறு?” என்று பெரியம்மா கேட்டார்.

“உங்கட மௌத்துக்கு ரீச்சர்…” சொன்ன பிறகுதான் ராத்தாவுக்கு உறைத்தது. “அல்லாவே! மன்னிச்சிக்கங்க ரீச்சர்.”

பெரியம்மா சிரித்தார். இருமல் வந்து மறிக்கும்வரை சிரித்தார். பிறகு சோறு போடப் பீங்கான் கேட்டார். இரண்டு மிடறு கஞ்சிக்கே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தவர் சோறு கேட்டதும் அம்மா திகைத்துப்போனார்.

“என்ர செத்த வீட்டுச் சோத்த நானே தின்னுறன். இந்தக் குடுப்பினை ஆருக்குக் கிடைக்கும்? ஆணத்தையும் ஊத்து தங்கச்சி. சாவு வந்தா அது பட்டினியாக் கிடக்கட்டும்!”

ராத்தா கட்டில் ஓரத்தில் இருந்து, முள் எடுத்துப் பிசைந்து பிசைந்து கொடுத்தார். ஒவ்வொரு வாய்க்கும் அவருக்குக் கண்ணீர் வந்தது, சிரிப்பும் வந்தது. ஆட்டோவில் வந்த கதிரைகள் வீணாகவில்லை. பாடகர் குழு அவற்றில் இருந்துகொண்டு அதே பாட்டை மறுபடி எடுத்தது. அந்த முறை யாரும் இழுக்கவில்லை. கலியாண வீடு தோற்றது போங்கள்.

ஆண்டவர் ஒப்பந்தத்தைக் காப்பாற்றிவிட்டார் என்று எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஒழுங்கை முழுக்க ஓடினேன். “எங்கட பெரியம்மா வெண்டுட்டா! எங்கட பெரியம்மா வெண்டுட்டா!” என்று வீடு வீடாகக் கத்தினேன்.

அடுத்த மாதம் பெரியம்மா போய்விட்டார். ஆண்டவர் என்னை ஏமாற்றிவிட்டார் என்று நெடுநாள் அவரோடு நான் கதைக்கவில்லை. ஒழுங்கைக்கெல்லாம் பொய் சொல்லிவிட்டேனே என்ற வெட்கம் வேறு.

இன்று யோசித்தால், அது பொய்யில்லை. தான் பிழைக்கப் போவதில்லை என்பது அந்தச் சோற்றை விழுங்கும்போதே பெரியம்மாவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் இன்னும் ஒரு பிடி கேட்டார். அவர் எதை வென்றார் என்பதுதான் எனக்கு அப்போது விளங்கவில்லை.