மூன்றாவது ஞாயிறுக்குள் ஒரு தடை

டிவியில் ஒரு பெண்ணை மூன்று ஞாயிற்றுக்கிழமை காட்டிவிட்டால் அவளுக்குக் கல்யாணம் உறுதி என்று நான் நம்பினேன். சிரிக்காதீர்கள். எங்கள் மாதா கோயிலில் அப்படித்தான். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் மணமக்களின் பெயரைச் சாமியார் வாசிப்பார்; ஓலை வாசிப்பது என்போம். தடை ஏதும் தெரிந்தவர்கள் மூன்றாவது ஓலைக்குள் வந்து சொல்லிவிட வேண்டும். அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டு பிரியாணிக்குப் போக வேண்டியதுதான்.

பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். தூத்துக்குடியில், துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் ஒரு ஷிப்பிங் ஆபீஸில் வேலை. இப்போது அந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. எதிர் மேஜையில் அவள். ஜன்னலைத் திறந்தால் உப்பளக் காற்று பேப்பரையெல்லாம் பறக்கவிடும். அவள் என் ஸ்டேப்ளரைத் தூக்கித் தன் பேப்பர் மேல் வைத்துக்கொள்வாள். பதினோரு மணிக்கு டீ. கப்பல் லேட்டானால் இன்னொரு டீ. கப்பல் லேட்டாக வர வேண்டும் என்று ஜெபித்த ஒரே ஷிப்பிங் குமாஸ்தா நானாகத்தான் இருப்பேன். வயது முப்பத்தைந்தைத் தாண்டி, ஊரில் பாதிப் பேருக்கு நான் அண்ணாச்சி ஆகியிருந்தேன். அவள் மட்டும் ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை, சார்வாள் என்பாள். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு வருடக்கணக்கில் ஓட்டினேன். ஜோக்கடிக்கிறவனுக்கு ஒரு வசதி உண்டு: எதையும் சொல்லாமலே நாளெல்லாம் பேசலாம்.

ஒருமுறை, சென்னையில் அக்கா வீட்டு விசேஷம் என்று நீண்ட லீவு போட்டுவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு இரண்டு மாதம் இருக்கும், ஒரு ஞாயிறு சாயங்காலம் அம்மா என்னை டிவி முன்னால் வரச் சொல்லிச் சத்தம் போட்டாள். மாப்பிள்ளை பிடிக்கும் போட்டி. ஒரு மாப்பிள்ளை, பத்துப் பெண்கள், ஆளுக்கொரு குத்துவிளக்கு. வாரக் கடைசியில் யார் விளக்கை மாப்பிள்ளை ஏற்றவில்லையோ அவள் பெட்டியைத் தூக்க வேண்டும். நான்காவது விளக்குக்குப் பின்னால், பட்டுப்புடவையில், என் எதிர் மேஜை.

மறுநாள் காலை வழக்கம்போல் அவள் ஆபீஸில் இருந்தாள். நான் அதை நேரடி ஒளிபரப்பு என்றே நினைத்திருந்தேன். ராத்திரி பஸ்ஸில் ஓடி வந்திருக்கிறாள், பாவம், தூக்கமே இருந்திருக்காது என்று அவள் டீக்குச் சர்க்கரை கூடப் போடச் சொன்னேன். கேட்டதற்கு, முடிவு வரும்வரை வெளியே பேசக் கூடாதென்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள் என்று சொல்லிச் சிரித்தாள்.

இரண்டாவது ஞாயிறு, மாப்பிள்ளை வேறொருத்தியோடு படகில் போனான். இவள் கண்ணீர் விட்டாள். வயலின் வேறு. பிள்ளைக்கு அவன் மேல உசிரு போலிருக்கு என்றாள் அம்மா. எனக்கு அன்று மீன்குழம்பு இறங்கவில்லை. அடுத்தது மூன்றாவது ஓலை.

சனிக்கிழமை காலை ஆபீஸுக்குப் போகாமல் கோயிலை ஒட்டியிருந்த சாமியார் பங்களாவுக்குப் போனேன். ஒரு கல்யாணத்துக்குத் தடை சொல்ல வந்திருக்கிறேன் என்றேன். சாமியார் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு எந்தக் கல்யாணம் என்றார். விவரத்தைக் கேட்டதும் கழற்றி வைத்துவிட்டார்.

"ஓலை நான் வாசிச்சா எங்கிட்ட வரலாம். டிவிக்காரன் வாசிச்சதுக்கு நான் என்னல செய்ய? சரி, தடை என்னது?"

"நான்தான் சாமி."

"அது அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன். அப்போ இங்கன உக்காந்து என்ன செய்யுத என்று எழுந்துகொண்டார்.

கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பைக்கை நுழைத்து ஆபீஸ் வந்து சேர்ந்தேன். அவள் ஒரு உப்பு லோடுக்குப் பில் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். உட்காராமலே சொன்னேன்.

"நாளைக்கு நீங்க ஜெயிக்கக் கூடாது."

"ஏன்?"

ஒரு ஜோக் தேடினேன். கிடைக்கவில்லை. "நீங்க போய்ட்டா நான் என்ன செய்வேன்னு தெரியல."

அவள் பேனாவை மூடினாள். "இதச் சொல்லணும்னா நான் டிவியில வரணுமா, சார்வாள்?"

பிறகு கையெழுத்தை மீறி எல்லாவற்றையும் சொன்னாள். போட்டி முழுவதையும் அவள் லீவில் இருந்தபோதே எடுத்து முடித்துவிட்டார்களாம். அடுத்த வாரம் என்று வருவது மறுநாள்தான். புடவையை மாற்றினால் வாரம் மாறிவிடும். கேமரா முன் தனியாக உட்கார்ந்து மனம் திறப்பதும் அப்படியே: கேமராவுக்குப் பின்னால் ஒருவர் கேள்வி கேட்பார், அந்தக் கேள்வியை மட்டும் வெட்டிவிடுவார்கள். படகு போனது ஒரு நாள், அவள் அழுதது வேறொரு நாள். அழுதது கடைவாய்ப் பல் வலிக்கு. அக்கா விண்ணப்பம் போட்டதால் போனாளாம். ஹோட்டல் சாப்பாடு நன்றாக இருந்ததால் தங்கினாளாம்.

மூன்றாவது ஞாயிறு அவள் விளக்கை மாப்பிள்ளை ஏற்றவில்லை. தூத்துக்குடியை விட்டு வர முடியுமா என்று அவன் கேட்டிருக்கிறான், முடியாது என்று இவள் சொல்லியிருக்கிறாள். டிவியில் அதைக் காட்டவில்லை. அடுத்த ஜனவரியில் எங்களுக்குக் கல்யாணம் நடந்தது.