பின் சீட்டில் இரண்டு மூட்டை சிமெண்ட்

போன வாரம் என் மாமனார் நடுரோட்டில் என் காரை விட்டு இறங்கி, பஸ் பிடித்துப் போய்விட்டார். சண்டை என்னோடு இல்லை... காரோடு.

என் மச்சினிக்கு வாலாஜாபாத்தில் ஒரு வரன். மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துவர, நானும் மனைவியும் வடக்குப்பட்டில் மாமனாரையும் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். ஒரகடம் தாண்டியது. ஏரிக்காற்று ஜன்னல் வழியே நுழைந்து அவர் தோள் துண்டோடு விளையாடிக்கொண்டிருந்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தேன்.

டங்... டங்... டங்!

காலை எடுத்தால் மௌனம். மிதித்தால் மறுபடி டங்.

"இன்னா மாப்ளே இது? சம்பந்தி வூட்டு வாசல்ல தகர டப்பா தட்டிகினு போய் நிக்கணுமா நானு?"

இறங்கியவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், வாலாஜாபாத் பஸ்ஸில் ஏறிப் போய் நிச்சயத்துக்கு நாளும் குறித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி வசந்தா தீர்ப்பு சொன்னாள். "வர்ற வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். அப்பா நம்ம கார்ல ஏறலன்னா நானும் ஏறல. அக்கா ஏன் வரலன்னு கேட்டா, தங்கச்சிக்கு நீங்களே பதில் சொல்லிக்குங்க."

ஆக, கேஸ் என்ஜினிடமிருந்து குடும்ப கோர்ட்டுக்கு மாறிவிட்டது.

நம் ஊரில் நிபுணர்களுக்கா பஞ்சம்? எதிர்வீட்டுக்காரர் 'டாப்பெட்' என்றார் — அவர் ஓட்டுவது சைக்கிள். தபால்காரர் 'வால்வு' என்றார். ஸ்ரீபெரும்புதூர் மெக்கானிக் தனியாக ஓட்டிப் பார்த்தார். சத்தமே வரவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ஃபேன் பெல்ட்டை மாற்றிவிட்டார். வராத சத்தத்துக்கு என்ன ஒரு வைத்தியம்!

கடைசியில் ஒரகடம் கூட்டுரோட்டில் தாஸ். மெக்கானிக்தான்; ஆனால் 'கார் டாக்டர்' என்று தனக்குத் தானே பட்டம் கொடுத்துக்கொண்டவர்.

"இன்னா மாதிரி சத்தம் சார்?"

கவிதை எழுதுகிற கை அல்லவா, விடுவேனா? "பாழுங்கிணற்றுக்குள் யாரோ வெண்கலக் குடத்தை..."

"மேலயா கீழயா? அத்த மட்டும் சொல்லு சார்."

அவரும் ஓட்டினார். கார் பரம சாது போல ஓடியது. இறங்கிவந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "அன்னிக்கு யாரு எங்க குந்திகினு இருந்தீங்க?"

வசந்தா முன்னால். மாமியார் பின்னால், வலது பக்கம். இடது ஜன்னல் மாமனாருக்கு. எப்போதும் அவருக்குத்தான். முன் சீட்டு கிளீனர் உட்காரும் இடம் என்பது அவர் கட்சி. (அங்கே தன் மகள் உட்காருவதைப் பற்றி அவர் கருத்து எதுவும் சொன்னதில்லை.)

"பெரியவரு ஆளு எப்டி?"

இரண்டு கைகளையும் அகல விரித்துக் காட்டினேன்.

தாஸ் யோசித்தார். ஷெட் கட்ட, பெர்மிட்டுக்கு அலைந்து வாங்கிப் பொத்திப் பொத்தி வைத்திருந்த சிமெண்டில் ஒரு மூட்டையைத் தூக்கிவந்து இடது ஜன்னலோரம் உட்கார வைத்தார். மிதித்தேன். மௌனம். மேலே இரண்டாவது மூட்டை. சரியாமலிருக்கத் தன் துண்டால் கட்டினார். மிதித்தேன்...

டங்... டங்... டங்! ஆஹா, அதைவிட இனிய சங்கீதம் உண்டா?

காருக்கடியில் படுத்துப் பார்த்தார். பின்பக்கம் இடது ஸ்பிரிங்கில் அடுக்கியிருந்த இரும்புப் பட்டைகளில் ஒன்று உடைந்திருந்தது. அந்த மூலையில் பாரம் ஏறினால் கார் தாழ்கிறது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இன்னும் அமுங்கி, சைலன்ஸர் குழாய் அச்சில் இடிக்கிறது. பாவம் என்ஜின், அது ஒரு பாவமும் அறியாது.

சரி, இதை மாமனாரிடம் யார் சொல்வது? 'மாமா, நோய் உங்கள் எடைதான்' என்று சொல்லிவிட்டுக் குடும்பம் நடத்திய மருமகன் யாராவது உண்டா?

அந்தக் கவலை எனக்கு வேண்டாமென்று மாமனாரே நினைத்தார் போலும். நிச்சயத்துக்கு வெற்றிலை பாக்கு சொல்லிவைக்கக் கூட்டுரோட்டுக்கு வந்தவர், காரைப் பார்த்து நின்றுவிட்டார். அவர் இடத்தில், துண்டு போட்டுக்கொண்டு கம்பீரமாக சிமெண்ட்.

"என் எடத்துல இன்னாபா மூட்டை?"

"உங்களுக்குப் பதிலாத்தான் பெரியவரே," என்றார் தாஸ், காருக்கடியிலிருந்தே. "ரெண்டு மூட்டை வச்சாத்தான் சத்தம் வருது."

நிச்சயதார்த்தம் அங்கேயே முடிந்தது என்று நினைத்தேன்.

மாமனார் மூட்டைகளைப் பார்த்தார். தன் வயிற்றைப் பார்த்தார். மறுபடி மூட்டைகளை. முகம் சிவந்தது.

"ரெண்டா? ரெண்டுதானா? மூணாவதயும் ஏத்துபா! விருந்து சாப்ட்டுட்டு இதே வண்டிலதான் திரும்பி வரணும். அப்ப டங்குன்னா சும்மா வுட மாட்டேன்!"

கோபித்துக்கொள்ள மனிதன் எதைத் தேர்ந்தெடுக்கிறான், பாருங்கள்! சத்தத்துக்குக் காரணம் தான் என்பதில் வருத்தமில்லை, அளவு குறைந்துபோனதில்தான். நாமோ சத்தம் கேட்ட மாத்திரத்தில் பானெட்டைத் திறந்து என்ஜினைத் திட்டுகிறோம். பின் சீட்டைத் திரும்பிப் பார்க்கிற தைரியம் எத்தனை பேருக்கு இருக்கிறது?

தாஸ் புதுப் பட்டை போட்டார். மூன்று மூட்டைக்கும் கார் வாய் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை மாமனார் அதே இடது ஜன்னலில் ராஜாவாக அமர்ந்து வந்தார். முன் சீட்டில் வசந்தாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. நிச்சயம் ஜாம் ஜாமென்று முடிந்தது. விருந்துக்குப் பிறகும் ஒரு டங் இல்லை.

காரில் அவ்வளவு அமைதி. நான் கார் ஓட்டும் லட்சணத்தைப் பற்றி வடக்குப்பட்டு வரை அவர் பேசியது ஒரு வார்த்தை விடாமல் காதில் விழுந்தது.

பழைய பட்டையைத் தாஸ் தூக்கிப் போட்டிருக்க மாட்டார் என்று நம்புகிறேன்.