நாற்பத்திரண்டு பேருக்கு ஒரு ரேடியோ

டைப்ரைட்டருக்குச் சொந்த அபிப்பிராயம் கிடையாது. அதன் முன்னால் உட்காருகிறவளுக்கு இருந்துவிட்டால்தான் தொல்லை.

எனக்கு இருக்கிறது. நிறைய. எம்.ஏ.வுக்கு அரசியல் படித்துக்கொண்டே, சாயங்கால வேளைகளில் மாதுங்காவில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் மனு அடித்துக் கொடுக்கிறேன். இந்தப் பம்பாயில் எதற்குத்தான் மனு இல்லை? பால் கார்டுக்கு மனு, டெலிபோனுக்கு மனு, போட்ட மனு என்ன ஆயிற்று என்று கேட்டு இன்னொரு மனு. க்யூவில் நின்று கவுண்டர்வரை போய், "அடுத்த ஜன்னல்" என்ற பதிலோடு திரும்பி வந்த சகோதர சகோதரிகளே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் மனு ஒன்றிரண்டை நானே அடித்திருக்கவும் கூடும். உங்களைக் கேட்காமல் எதையாவது திருத்தியிருந்தால் மன்னியுங்கள். திருத்தம் என்னவோ சரியாகத்தான் இருந்திருக்கும்.

பணிவு

இன்ஸ்டிட்யூட் முதலாளி கோபாலன் ஸார் பாலக்காட்டுக்காரர். வேலைக்குச் சேர்ந்த அன்றே ஒரே ஒரு விதிதான் சொன்னார்: வந்தவர் சொல்வதை அடி, உன் அபிப்பிராயத்தை அடிக்காதே. சரி என்று தலையாட்டினேன். அரை மணி நேரம் தாக்குப் பிடித்தேன்.

செம்பூரிலிருந்து ஒரு ஹெட்கிளார்க் வந்தார். டெலிபோனுக்கு எழுதிப் போட்டு எட்டு வருஷம் ஆகிறதாம். நினைவூட்டுக் கடிதம் வேண்டும். 'தங்கள் பாதங்களில் பணிந்து மன்றாடுகிறேன்' என்று இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வரி கட்டுகிற மனிதர், எட்டு வருஷம் காத்திருந்தவர், அவர் எதற்கு ஐயா மன்றாட வேண்டும்? மன்றாடலை எடுத்துவிட்டு, 'உடனடியாகக் காரணம் கோருகிறேன்' என்று அடித்துக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிப் படித்தார். முகம் வெளுத்துவிட்டது. காகிதத்தை நான்காக மடித்துப் பையில் ஒளித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எட்டு வருஷமாக் குனிஞ்சு கேட்டே வரல்லே, அம்மா. நீ நிமிந்து கேட்டா, பக்கத்தாத்துல இருக்கிற ஃபோனையும்னா பிடுங்கிண்டு போயிடுவான்!"

திருகாணி யார் கையில்?

ஒரு செவ்வாய்க்கிழமை தாராவியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். இருவரும் தோல் பதனிடும் பட்டறையில் வேலை. பெரியவர் சுடலைமுத்து, சின்னவர் ஆறுமுகம். ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஆனால் நடுவில் இன்னும் இரண்டு பேர் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். விஷயம் இதுதான். திருநெல்வேலிப் பக்கம் ஒரே ஊர்க்காரர்கள் நாற்பத்திரண்டு பேர் சேர்ந்து பேட்டரியில் ஓடும் ரேடியோ ஒன்று வாங்கி, தங்கள் சங்கத்து அறையில் வைத்திருக்கிறார்கள். அந்த ஊரின் மேலத்தெருக்காரர்கள் இருபத்தோரு பேர், கீழத்தெருக்காரர்கள் இருபத்தோரு பேர். ஒரு நாள் லைசென்ஸ் இன்ஸ்பெக்டர் சந்தில் நடந்து போகிறபோது பாட்டுச் சத்தம் கேட்டு உள்ளே நுழைந்துவிட்டார். வரும் திங்கட்கிழமை சாயங்காலம் மறுபடி வருவாராம். லைசென்ஸைக் காட்டினால் சரி, இல்லாவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாராம்.

துப்பாக்கிக்கு லைசென்ஸ் கேட்டால் எனக்குப் புரிகிறது. பாட்டுப் பெட்டிக்கு வருஷா வருஷம் எதற்கு? இதைக் கால் மணி நேரம் அவர்களுக்கு எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு பாரத்தை எடுத்து, 'சொந்தக்காரர் பெயர்?' என்றேன். "எல்லாரும்" என்றார் சுடலைமுத்து. யாராவது ஒருவர் பெயரைச் சொல்லுங்கள் என்றதுதான் தாமதம், பெஞ்சே ஆடியது. மேலத்தெருவுக்குச் செய்தியும் அரசியல் பேச்சும் வேண்டும். கீழத்தெருவுக்கு இலங்கை வானொலியில் சினிமாப் பாட்டு வேண்டும். எந்தத் தெருக்காரர் பெயரிலும் மற்றவர்கள் விட மாட்டார்கள். ஆறுமுகம் எழுந்து நின்று, ஸ்டேஷன் மாற்றும் திருகாணியைத் திருகுவதுபோல் விரலைக் காட்டி எனக்கு விளக்கினார்: "லைசென்ஸு எவன் பேர்ல இருக்கோ, திருகாணியும் அவன் கையிலதான இருக்கும், தங்கச்சி? பெறகு நாங்க காசு போட்டது எதுக்கு, அவன் திருகுததை வேடிக்க பாக்கதுக்கா?"

கை வலிக்கிற கட்சி

மறுநாள் ஒரு இன்ஷ்யூரன்ஸ் ஆபீஸ் குமாஸ்தா மூச்சு வாங்க வந்தார். அவருடைய ஆபீஸில் கணக்குப் போடும் ராட்சத மெஷின் ஒன்று வரப்போகிறதாம். நூறு பேர் வேலையை ஒன்றே செய்துவிடுமாம். அதை எதிர்த்துத் துண்டுப் பிரசுரம். 'மனிதனை விழுங்க வரும் இயந்திரமே, திரும்பிப் போ' என்று தலைப்பு. எனக்கு இதில் இரண்டு பக்கமும் பேசத் தெரியும் என்பதால், அவர் எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கம் பேசினேன். ரயில் வந்தபோதும் இப்படித்தான் சொன்னார்கள் என்றேன். "ரயில் பேரேடு எழுதுமா?" என்றார். சரியான கேள்வி, பதில் யோசிப்பதற்குள் ஸ்டென்ஸிலை அடித்து முடித்துவிட்டேன்.

பார்த்தால், அரை மணி நேரத்தில் இருநூறு பிரதி வேண்டுமாம். எங்கள் மூலையில் இருக்கும் சைக்ளோஸ்டைல் மெஷினிடம் அவரே ஓடி, கைப்பிடியைப் பிடித்துச் சுற்ற ஆரம்பித்துவிட்டார். "இருநூறையும் கையால் எழுத நாலு பேருக்கு வேலை கொடுத்திருக்கலாமே, ஸார், இதுவும் மெஷின்தானே?" என்று கேட்டேன். ஒரு கணம்கூடச் சுற்றுவதை நிறுத்தவில்லை அவர். வேர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இதைச் சுத்தினா எனக்குக் கை வலிக்கறது, பாத்தியா? கை வலிக்கிற மெஷின் எல்லாம் நம்ப கட்சி!"

எத்தனை பிரதமர்?

ரேடியோ விஷயத்தில் எனக்கு ஓர் அருமையான யோசனை தோன்றியிருந்தது. நாற்பத்திரண்டு பேரும் சொந்தக்காரர்கள் என்றால் நாற்பத்திரண்டு பெயரையும் எழுதிவிட வேண்டியதுதானே! தனித் தாளில் வரிசையாக அடித்தேன். மேலத்தெருப் பெயர் ஒன்று, கீழத்தெருப் பெயர் ஒன்று என்று மாற்றி மாற்றி. யார் முதலில் என்பதற்குக் காசு சுண்டிப் பார்த்தோம். ஜனநாயகம் என்றால் இதுவல்லவா என்று எனக்கே புல்லரித்தது. வியாழக்கிழமை காலேஜுக்கு மட்டம் போட்டுவிட்டு, சுடலைமுத்துவையும் ஆறுமுகத்தையும் கூட்டிக்கொண்டு நானே தபாலாபீஸுக்குப் போனேன்.

கவுண்டரில் இருந்தவர் மராட்டிக்காரர். தமிழர்கள் நடுவில் உட்கார்ந்து உட்கார்ந்து தமிழ் நன்றாக வந்துவிட்டிருந்தது. தாளை மேலிருந்து கீழே படித்தார். திருப்பிப் பார்த்தார், பின்பக்கமும் பெயர் இருந்தது. ஒருவர் பெயரில்தான் கொடுக்க முடியும் என்றார். கூட்டாக வைத்திருப்பது குற்றமா, எந்த விதியில் இருக்கிறது, காட்டுங்கள் என்றேன். பின்னால் க்யூ முணுமுணுத்தது. அவர் பெருமூச்சு விட்டு விதிப் புத்தகத்தைத் தேடி எடுத்து, சங்கம் என்றால் அதன் செயலாளர் பெயரில் வாங்கலாம் என்ற இடத்தைக் காட்டினார். "அதுவும் கடைசியில் ஒரே ஆள்தானே!" என்று நான் விடாமல் சண்டைக்குப் போனேன். புத்தகத்தை மூடிவிட்டு, 'அம்மா'வுக்கு மட்டும் மராட்டி வார்த்தையைப் போட்டு அவர் கேட்டார்: "இத்தனை பெரிய தேசத்துக்கே ஒரு பிரதமர் போதும், பாயி. இந்த டப்பாவுக்கு நாப்பத்திரண்டு பேரா?"

பரிமாறுகிறவர்கள்

அன்று சாயங்காலம் ஒரு மாமி வந்தாள். பெண்ணுக்குக் கல்யாணம். அரிசித் தட்டுப்பாடு; விருந்தில் இத்தனை பேருக்கு மேல் சாப்பாடு போடக் கூடாது என்று உத்தரவு இருப்பது உங்களுக்கும் தெரியும். மாமி ஒரு பெயர்ப் பட்டியல் கொண்டுவந்திருந்தாள். முதல் தாளில் விருந்தினர், உத்தரவு சொன்ன கணக்குக்கு ஒருவர் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இரண்டாவது தாளில் 'பரிமாறுகிறவர்கள்' என்று தலைப்பு. அதில் நூற்று இருபது பெயர்.

அந்த நூற்று இருபதில் ஒரு பாங்க் மானேஜரும் இரண்டு டாக்டர்களும் இருந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நாடு பட்டினி கிடக்கிறது, நீங்கள் இப்படிச் சட்டத்தை ஏமாற்றலாமா மாமி என்று ஆரம்பித்தேன். உள்ளேயிருந்து கோபாலன் ஸார் இருமினார். மாமி கொஞ்சமும் கலங்கவில்லை. புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டே சொன்னாள்: "பரிமாறறவாளுக்குப் பசிக்கப்படாதுன்னு எந்தச் சட்டத்துலடீ போட்டிருக்கு? நீயும் வா, ஒரு ரசத் தூக்கு தரேன், பிடிச்சுண்டு நில்லு."

தேர்தல்

ஞாயிற்றுக்கிழமை காலையில் தாராவியில் தேர்தல். சங்கத்துக்கு இதுவரை செயலாளர் என்று யாரும் இல்லை. அன்றே தேர்ந்தெடுத்தால்தான் திங்கட்கிழமை காலையில் லைசென்ஸ் வாங்க முடியும். நடத்திவைக்க என்னை அழைத்திருந்தார்கள். அறை சின்னது, ஆட்கள் பாதிப் பேர் சந்தில் நின்றார்கள். அலமாரியில் ரேடியோ, கழுத்துவரை துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மேலத்தெருவுக்குச் சுடலைமுத்து, கீழத்தெருவுக்கு ஆறுமுகம். கை தூக்கச் சொன்னேன். இருபத்தொன்று, இருபத்தொன்று. மறுபடியும் எண்ணினேன். மூன்றாம் தடவை எண்ணும்போது ஒருவர் இரண்டு கையையும் தூக்கியதாகப் புகார் வந்து, தள்ளுமுள்ளு ஆகிவிட்டது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நாளைக்கு ராத்திரி பெட்டியே இருக்காது, யார் திருகுவது என்று இன்றைக்குச் சண்டையா என்று கத்தினேன். சுடலைமுத்துவைச் சர்வாதிகாரி என்றேன். சிரித்த ஆறுமுகத்தை, வாய்ப்புக் கிடைக்காத சர்வாதிகாரி என்றேன். அப்போது, அவர்களுக்கெல்லாம் சமைத்துப் போடும் பேச்சியம்மாள் கரண்டியும் கையுமாக வாசலுக்கு வந்து, இந்தப் பிள்ளையையே செயலாளராகப் போடுங்களேன் என்றாள். எனக்கு இன்னும் இருபத்தொன்றே முடியவில்லை, நாட்டில் ஓட்டுப் போடக்கூட உரிமை கிடையாது, நான் உங்கள் ஊரும் இல்லை என்று பதறினேன். நாற்பத்திரண்டு பேரும் கை தூக்கினார்கள். ஒருவர் இரண்டு கையையும் தூக்கினார், யாரும் புகார் சொல்லவில்லை. பேச்சியம்மாள் காரணமும் சொன்னாள்: "ரெண்டு தெருக்காரனையும் ஒரே மாதிரி ஏசுதாளே, வேற எவ கெடைப்பா?"

இன்ஸ்பெக்டர்

திங்கட்கிழமை காலை தபாலாபீஸில் என் பெயரில் லைசென்ஸ் புத்தகம் வந்தது. சாயங்காலம் இன்ஸ்பெக்டர் வந்தார். அவர் வாசலுக்கு வரும்போதே ஆறுமுகம் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவிட்டார், பயமில்லை என்று காட்ட. செயலாளர் யார் என்று இன்ஸ்பெக்டர் கேட்டதும் எல்லா விரலும் என்னைக் காட்டின. புத்தகத்தை நீட்டினேன். முத்திரையைப் பார்த்துத் தலையை ஆட்டி அவர் திருப்பிக் கொடுத்தார். வேலை அதோடு முடிந்தது. ஆனால் நான் ராத்திரி முழுக்கத் தயார் செய்துவைத்த பேச்சை என்ன செய்வது?

பேசினேன். ஏழையின் ஒரே பொழுதுபோக்குக்கு லைசென்ஸா, காற்றில் வரும் பாட்டு யார் சொத்து, இது வெள்ளைக்காரன் போட்ட சட்டம், இன்னும் எதற்கு? சந்து முழுக்கக் கை தட்டியது. பேச்சியம்மாள் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே, அவர் ஒவ்வொன்றுக்கும் ஆமாம் போட்டார். டம்ளரைக் கீழே வைத்து எழுந்தபோது சொன்னார்: "நீங்க சொல்றது அத்தனையும் நியாயம், மேடம். இதையே ஒரு மனுவா அடிச்சுக் குடுத்துடுங்க."

என் சட்டம்

செயலாளர் ஆன பிறகு சும்மா இருக்க முடியுமா? ரேடியோவுக்கு ஒரு கால அட்டவணை அடித்துச் சுவரில் ஒட்டினேன். ஏழு மணிக்குச் செய்தி, ஏழேகாலிலிருந்து பாட்டு, ஞாயிறன்று மட்டும் வரிசை மாறும். பேட்டரியை மிச்சம் பிடிக்க ஒன்பதுக்கு நிறுத்த வேண்டும். திருகாணியைத் தொடுகிறவர் கை கழுவியிருக்க வேண்டும். சண்டை வந்தால் எழுத்து மூலம் புகார் தர வேண்டும். மொத்தம் பதினான்கு விதிகள். நடக்கிறதா என்று பார்க்க ஒவ்வொரு சனிக்கிழமையும் போனேன். ஒரு விதிகூட நடக்கவில்லை. ஆனால் நான் சந்தில் திரும்பியதும் யாரோ சீழ்க்கை அடிப்பார்கள், நான் அறைக்குள் நுழையும்போது அட்டவணைப்படிதான் ரேடியோ பாடும். இரண்டு தெருக்காரர்களும் ஒரே பாயில் ஒட்டி உட்கார்ந்து, குழந்தைகள் மாதிரி என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

நாலாவது சனிக்கிழமை பதினைந்தாவது விதியோடு போனேன்: சீழ்க்கை அடிக்கக் கூடாது. சுடலைமுத்து அதை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, பக்கத்திலிருந்த ஆறுமுகத்தின் தோளில் கையைப் போட்டுக்கொண்டார். "கவருமெண்டே தேவல, தங்கச்சி," என்றார். "அவன் வருசத்துக்கு ஒருக்காத்தான் வாரான்; நீ வாராவாரம்லா வாரே!"

ஒரு வருஷமாகச் சட்டம் போடுகிறவர்களைத் திட்டி மனு அடித்துக்கொண்டிருப்பவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன்: திட்டுவதைவிடச் சட்டம் போடுவது எவ்வளவோ சுகமாக இருக்கிறது.