உம்மா விசாரித்த வீடு

எங்கள் நாட்டில் சண்டை முடிந்த அடுத்த வருடம் நான் வளைகுடாவில் ஒரு துறைமுக நகரத்துக்கு வேலைக்குப் போனேன். துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு பெரிய களஞ்சியம். கப்பலில் வந்திறங்கும் பெட்டிகளைப் பட்டியலோடு சரிபார்த்து அடுக்கி வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மட்டும் விடுமுறை. ஜும்ஆ முடிந்ததும் எங்கள் நாட்டு ஆட்கள் பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த புல்வெளியில் கூடுவார்கள். நான் இரண்டு தடவை போய்விட்டு நிறுத்திக்கொண்டேன்.

அங்கே முதலில் கேட்பது ஊரைத்தான். புத்தளம் என்றால், புத்தளத்தில் எங்கே என்பார்கள். நுரைச்சோலைப் பக்கம் என்றால், "ஓ, அகதிக் குடியிருப்பா?" என்பார்கள். மன்னார் என்று சொல்லலாமென்றால் மன்னாரைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. தொண்ணூறில் துவக்கோடு வந்த இயக்கத்தார் முஸ்லிம்களை அங்கிருந்து வெளியேறச் சொன்னபோது எனக்கு ஐந்து வயது. வள்ளத்தில் வாந்தியெடுத்ததும், கண்டக்குழிக் கரையில் யாரோ ஒரு மீன்காரப் பெண் எனக்குப் பிளேன்டீ பருக்கியதும் நினைவிருக்கின்றன. வீடு நினைவில்லை.

அப்படித்தான் வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலைகளுக்குப் போகத் தொடங்கினேன். வெயிலுக்கு ஒதுங்க ஒரு கட்டடத்துக்குள் நுழைந்தேன், அது நாணயங்கள் வைத்த நூதனசாலை. உள்ளே குளிர். எவரும் எதுவும் கேட்கவில்லை. அடுத்த வாரம் படகுகள் வைத்திருந்த இடத்துக்குப் போனேன். அதற்கடுத்த வாரம் கோப்பிக் கெண்டிகள். என் அறையிலிருந்த மலையாளிகள் சிரித்தார்கள். பழைய பானை பார்க்கவா கடல் கடந்து வந்தாய் என்றார்கள்.

மாலையில் உம்மாவுக்குத் தொலைபேசி எடுப்பேன். வாப்பா புத்தளத்துக்கு வந்த மூன்றாம் வருடமே மௌத்தாகிவிட்டார். உம்மா வெங்காயத் தோட்டங்களில் கூலி வேலை செய்து என்னையும் ராத்தாவையும் வளர்த்தார். இப்போது இடுப்பு வலியோடு ராத்தாவின் வீட்டில் இருந்தார். எங்களுக்குள் கதைப்பதற்கு அதிகம் இருக்கவில்லை. சாப்பிட்டாயா, காய்ச்சலா, மழையா. ஒருநாள் கதை தீர்ந்துபோய், நான் பார்த்த படகுகளைப் பற்றிச் சொன்னேன். பலகைகளை ஆணியே இல்லாமல் கயிற்றால் தைத்திருக்கிறார்கள் என்றேன்.

"கயித்தாலயா? தண்ணி உள்ளுக்கு வராதா மகன்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. அடுத்த வெள்ளி திரும்பவும் போய்க் காவலாளியிடம் கேட்டு வந்து சொன்னேன். அதற்குப் பிறகு தொலைபேசியை எடுத்ததுமே உம்மா கேட்கும் முதல் கேள்வி மாறிவிட்டது.

"இண்டைக்கு என்ன பாத்த மகன்?"

இரண்டாம் வருடம் பழைய நகரத்தில் ஒரு வியாபாரியின் வீட்டை நூதனசாலையாகத் திறந்திருப்பது தெரியவந்தது. கடலிலிருந்து எடுத்த முருகைக்கல்லால் கட்டிய சுவர்கள். நடுவில் முற்றம், அதில் கிணறு. அறைகளில் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. அலுமாரியில் துணி, கட்டிலில் பாய், சுவரில் தொங்கும் சல்லடை. குசினியில் அடுப்பின் மேல் ஒரு செம்புப் பானை, பக்கத்தில் கரண்டி. குறுக்கே ஒரு சிவப்புக் கயிறு கட்டியிருந்தார்கள்.

அன்றைக்கு உம்மா என்னை விடவேயில்லை.

"அடுப்பு எந்தப் பக்கம் பாத்திருக்கு?"

"தெரியாது உம்மா. கதவுக்கு இடது பக்கம்."

"கிணத்துக்கும் குசினிக்கும் எத்தின எட்டு வரும்?"

"பத்து எட்டு வைக்கணும்."

"கூட. எங்கடது ஆறு எட்டுத்தான். பானை கவுத்தா, நிமித்தியா?"

"நிமித்தித்தான் இருக்கு."

மன்னார் வீட்டைப் பற்றி உம்மா கதைத்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. போகும் அன்று காலையில் வீட்டைக் கூட்டியதாகச் சொன்னார். பானைகளைக் கழுவிக் கவிழ்த்தாராம். "திரும்பி வரக்குள்ள ஊத்தை வூட்டுக்குள்ள வரேலாதே" என்றார். மீன் ஆணம் மட்டும் அடுப்பிலேயே இருந்ததாம்.

பிறகு கேட்டார். "அந்த வூட்டு ஆக்கள் இப்ப எங்க மகன்?"

"பெரிய வீடு கட்டிப் போயிட்டாங்களாம். இதை அரசாங்கத்துக்குக் குடுத்திருக்கிறாங்க."

"அவங்களாவா குடுத்த?"

"ஓம் உம்மா. அவங்களாத்தான்."

"அப்ப சரி" என்றார்.

அந்த வருடம் நோன்புப் பெருநாள் முடிந்து, ராத்தாவும் மச்சானும் வான் ஒன்று பிடித்து உம்மாவை மன்னாருக்குக் கூட்டிப் போனார்கள். பாதை திறந்து எத்தனையோ பேர் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். உம்மாதான் இடுப்பைச் சாட்டாகச் சொல்லித் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார். இப்போது தானாகவே போக வேண்டும் என்றாராம். நான் தூண்டிவிட்டேன் என்று ராத்தா இன்றைக்கும் சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தெரியும்.

நடந்ததை ராத்தாதான் தொலைபேசியில் சொன்னாள். "காடு தம்பி. முழுக்க முள்ளு உடைமரம். சுவர் ஒண்டும் இல்ல. கிணறு மட்டும் இருக்கு, மண் தூந்துபோய். உம்மா கிணத்தடியில நிண்டு ஆறு எட்டு நடந்தாங்க. முள்ளுக்குள்ள இருந்த ஒரு சீமெந்துத் துண்டைக் காட்டி இதுதான் குசினி எண்டாங்க. அதில குந்தியிருந்தாங்க. வான்காரன் ரெண்டு தரம் கூப்பிட்டும் எழும்பல்ல."

"உம்மாட்ட குடு" என்றேன்.

"படுத்திருக்கிறாங்க."

அடுத்த வெள்ளி எடுத்தபோது உம்மா கதைத்தார். சாப்பிட்டாயா, காய்ச்சலா. என்ன பார்த்தாய் என்று கேட்கவில்லை. நானாகவே ஏதோ தபால் முத்திரைகளைப் பற்றிச் சொன்னேன். "ம்" என்றார். அதற்கடுத்த வாரமும் அப்படித்தான். நான் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். பார்க்காததையும் சேர்த்துச் சொன்னேன். மீன் எலும்பில் செய்த சீப்பு, கிளி பேசும் கடிகாரம். பொய் என்று கண்டுபிடித்து ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். "நல்லம் மகன்" என்று மட்டும் சொன்னார்.

ஒரு புதன்கிழமை காலை உம்மா மௌத்தாகிவிட்டதாக மச்சான் களஞ்சியத்துக்குத் தொலைபேசி எடுத்தார். அன்று பிற்பகலே அஸர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸாவை அடக்குவார்கள். எந்த விமானத்தைப் பிடித்தாலும் எனக்கு முகம் பார்க்கக் கிடைக்காது. அறைக்குப் போய்ப் படுத்துக்கொள் என்றார் மேலாளர். நான் படுக்கவில்லை. மாலைவரை பெட்டிகளை எண்ணினேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கால்கள் தாமாகவே அந்த வியாபாரி வீட்டுக்குப் போயின. குசினி வாசலில் நின்றேன். பிறகு சிவப்புக் கயிற்றைத் தாண்டி உள்ளே போய் அடுப்படியில் குந்திவிட்டேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அங்கிருந்து பார்த்தால் கிணறு தெரிந்தது. புதன்கிழமை வராத அழுகை அப்போது வந்தது.

காவலாளி ஓடிவந்தார். வங்காளதேசத்து ஆள், நரைத்த தாடி. அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் என்னைப் பார்த்துத் தலையாட்டுவதோடு சரி. "எழும்பு, எழும்பு, கமரா இருக்கு" என்று ஹிந்தியில் அதட்டினார். எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில், "என் உம்மா போயிட்டாங்க" என்றேன்.

"எப்ப?"

"புதன்."

அவர் கயிற்றுக்கு வெளியே நின்று என்னையும் வாசலையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு போய்த் தண்ணீர்ப் போத்தல் ஒன்று கொண்டு வந்து கயிற்றுக்கு மேலால் நீட்டினார். "ஆட்கள் வந்தா இருமுவேன். அப்ப வெளியே வந்துடு" என்றார். மூன்று தடவை இருமினார். மூன்று தடவையும் வெளியே வந்து பார்வையாளனைப் போல நின்றேன். அவர் துஆச் செய்வதற்காக உம்மாவின் பெயரைக் கேட்டார். சொன்னேன்.

ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வந்து, முந்தலில் ஒரு சிறிய இரும்புச் சாமான் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். மன்னார்க் காணிக்கு உறுதிப் பத்திரம் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கையை விட்டுப் போய்விடும் என்று மச்சான் சொன்னதால் ஒருநாள் ராத்தாவும் நானும் பஸ்ஸில் போனோம். அதற்குள் யாரோ பக்கத்துக் காணிக்காக இயந்திரம் போட்டு எங்கள் பக்கத்தையும் சேர்த்து வழித்திருந்தார்கள். கிணறும் மூடுண்டு போயிருந்தது.

"குசினி எங்க ராத்தா?" என்று கேட்டேன்.

ராத்தா ஓர் இடத்தைக் காட்டினாள். கொஞ்சம் நடந்துபோய் நின்று, வேறோர் இடத்தைக் காட்டினாள். பிறகு, "உம்மாக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு மணலில் உட்கார்ந்தாள். கொண்டுபோன சோற்றுப் பார்சலை அந்த வெயிலிலேயே அவிழ்த்துச் சாப்பிட்டோம். மூன்று மணி பஸ்ஸில் திரும்பி வந்தோம்.