முடிக்கக் கூடாத போர்வை

இந்த ஊரில் பெண்கள் கடைக்குப் போய் நல்ல புதுத் துணியாக மீட்டர் கணக்கில் வாங்குகிறார்கள். வீட்டுக்கு வந்து துவைத்து, இஸ்திரி போட்டு, அதைச் சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டுகிறார்கள். பிறகு அந்தச் சதுரங்களையெல்லாம் மறுபடி ஒன்றோடொன்று சேர்த்துத் தைக்கிறார்கள். முதல் நாள் இதைப் பார்த்தபோது எத்தனை துணி வீணாகிறது என்று கணக்குப் போட்டேன். ஆம்பூரில் முப்பத்துநான்கு வருஷம் ஷூ கம்பெனியில் குறை கண்டுபிடிக்கிற செக்கிங் பிரிவில் இருந்தவன் நான். அங்கே ஒரு தோலை மேஜையில் விரித்தால், எந்தப் பக்கம் திருப்பி வைத்தால் இன்னொரு துண்டு கூடுதலாகக் கிடைக்கும் என்று கட்டிங் ஆள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பான். முழுசாகக் கிடப்பதை வேண்டுமென்றே துண்டாக்கி, மறுபடி முழுசாக்குவதை ஒரு பொழுதுபோக்கு என்று யாராவது எங்கள் கம்பெனியில் சொல்லியிருந்தால் அவனை வேலூர் மனநல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருப்பார்கள்.

இங்கிலாந்தில் இந்த நார்தாம்ப்டனுக்கு நான் வந்தது மகளுக்காக. மஞ்சுவுக்கு ஆறாவது மாதம். மருமகன் பிரபுவுக்கு ஷிஃப்ட் வேலை. என் மனைவி தனம்தான் வந்திருக்க வேண்டும். முழங்கால் ஆபரேஷன் ஆகி, விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் பிரசவம் பார்க்கத் தெரியாத நான் வந்தேன். வந்தவன் சும்மா இருக்கவில்லை. மஞ்சு மாடிப்படி ஏறினால் படிகளை எண்ணினேன். குளியலறையில் இருந்து வரத் தாமதமானால் கதவுக்கு வெளியே நின்று இருமினேன். ஒரு வாரத்தில் அவள், "நைனா, நீ வீட்ல இருந்தா எனக்கு பிரஷர் ஏறுது. புதன்கிழமை காலைல அந்த ஹாலுக்குப் போய் யார்கூடயாவது பேசிட்டு வா" என்று என்னைத் தெருமுனைச் சமுதாயக் கூடத்துக்கு அனுப்பிவிட்டாள்.

அங்கே பன்னிரண்டு பெண்கள் இருந்தார்கள். எல்லோரும் என் வயதுக்காரர்கள். க்வில்ட் தைக்கிற கூட்டம். மேலே துண்டுத் துணி, நடுவே பஞ்சு, கீழே ஒரே துணி என்று மூன்று அடுக்குள்ள போர்வைக்கு அந்தப் பெயர். மூன்றையும் சேர்த்துத் தைத்து, நான்கு ஓரத்திலும் பட்டி பிடித்தால்தான் அது முடிந்த போர்வை. தலைவி போல இருந்தவர் மோரீன். இந்த ஊரும் ஒரு காலத்தில் ஷூ ஊர்தான். அந்தக் கம்பெனிக் கட்டடங்களில் இப்போது ஆட்கள் குடியிருக்கிறார்கள். மோரீன் சின்ன வயதில் அங்கே ஷூவின் மேல்தோலான அப்பர் தைத்தவர். நான் துணியைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்துக்குக் காட்டி, தையல்மேல் கட்டைவிரலை ஓட்டிய விதத்தைப் பார்த்து, "நீ செக்கிங் ஆளா?" என்று கேட்டார். இந்த நாட்டில் என்னைச் சரியாக அடையாளம் கண்டுகொண்ட முதல் ஆள் அவர்தான்.

இதையெல்லாம் ஏன் செய்கிறீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். ஒருவர் இறந்துபோன கணவரின் சட்டைகளை வெட்டித் தைத்துக்கொண்டிருந்தார். ஒருவர் தன் கை சும்மா இருந்தால் பிஸ்கட்டைத் தேடிப் போகிறது என்றார். மோரீன், "யாரோ ஒருத்தருக்குக் குளிருமே" என்றார். அவ்வளவுதான். என்னை அதிகம் குழப்பியது அவர்களுடைய கறார். கம்பெனியில் சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் வருவான், இன்ச்சுக்கு எத்தனை தையல் என்று எண்ணுவான், அதனால் நாங்கள் எண்ணினோம். இங்கே பையர் இல்லை, செக்கிங் இல்லை, சம்பளம் இல்லை. ஆனாலும் நான்கு சதுரம் சந்திக்கிற மூலையில் ஒரு நூல் அகலம் விலகியிருந்தால் மோரீன் பிரித்துவிடுவார். யாரும் பார்க்க மாட்டார்களே என்றேன். "பார்க்க மாட்டார்கள்தான்" என்று சொல்லிக்கொண்டே தொடர்ந்து பிரித்தார். பிரித்த இடத்தில் தண்ணீர் தெளித்து நகத்தால் நீவினார். ஊசி போன ஓட்டைகள் மறைந்துவிட்டன. நான் நம்பாமல் வாங்கிப் பார்த்தேன். தோலில் இது நடக்காது. ஊசி ஒருமுறை இறங்கினால் அந்த ஓட்டை கடைசிவரை இருக்கும். தையல் கோணினால் பீஸ் போச்சு.

மூன்றாவது புதன்கிழமை நான் உள்ளே நுழைந்தபோது மேஜைமேல் மஞ்சளும் பச்சையுமாகச் சதுரங்கள் அடுக்கியிருந்தன. ஒன்பதுக்கு ஒன்பது, எண்பத்தொன்று. எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். "உன் மகளின் குழந்தைக்கு" என்றார் மோரீன். குழந்தை வருவதற்குள் முடித்துவிடுவோம் என்றும் சொன்னார்.

நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பிறக்காத குழந்தைக்கு நம் வீடுகளில் ஒன்றும் வாங்கி வைப்பதில்லை. மஞ்சு பிறக்கும்வரை எங்கள் வீட்டில் அவளுக்கென்று ஒரு முழத் துணி கிடையாது. பிறந்த பிறகு என் பழைய வேட்டியைக் கிழித்துத்தான் சுற்றினார்கள். உடுத்தி உடுத்தி மெத்தென்று ஆன துணிதான் குழந்தைக்கு முதல் துணி. புதுசு அப்புறம். இந்த வழக்கத்தை நான் படித்தவன் என்ற முறையில் ஒரு காலத்தில் கிண்டல் செய்திருக்கிறேன். ஆனால் இது மஞ்சுவுக்கு மூன்றாவது கர்ப்பம். முதல் தடவை ஸ்கேன் பார்த்த சந்தோஷத்தில் இங்கே குட்டி சாக்ஸ் வாங்கினார்கள். இரண்டாவது தடவை பிரபு தொட்டில் கட்டிலே வாங்கிப் பொருத்திவிட்டான். இரண்டு தடவையும் கரு நிற்கவில்லை. கழற்றிய கட்டில் அட்டைப்பெட்டியில் என் அறை அலமாரிக்குமேல் இருக்கிறது. ஒவ்வொரு ராத்திரியும் அதன் கீழேதான் படுக்கிறேன். சாக்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எனக்கும் தெரியும். பயத்துக்கு அது தெரியவில்லை.

"வேண்டாம், இப்போது வேண்டாம்" என்றேன். அவர்கள் அதை மரியாதைக்குச் சொல்லும் மறுப்பு என்று எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் என் தோளைத் தட்டிக்கொடுத்து, "இதில் எங்களுக்கு ஒரு சிரமமும் இல்லை" என்றார். டீ வந்தது. ஊசிகள் ஓட ஆரம்பித்தன.

அப்போதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். ரிஜெக்ட் செய்தேன். நான்காவது வரிசையில் மூலை சேரவில்லை என்றேன். அது உண்மை, பிரித்தார்கள். அடுத்த வாரம் தையல் இன்ச்சுக்கு ஒன்று குறைகிறது என்றேன். அதுவும் கிட்டத்தட்ட உண்மை. அதற்கடுத்த வாரம் குறை ஒன்றும் அகப்படாமல், மஞ்சளில் ஷேடு வித்தியாசம் இருக்கிறது என்றேன். ஒரு ஜோடி ஷூவில் ஒரு கால் வெளுத்திருந்தால் கன்டெய்னரே திரும்பி வரும். அந்த ஞாபகத்தில் வாயில் வந்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். அவை வேறு வேறு துணிகள், வித்தியாசமாக இருப்பதற்காகவே தேடி வாங்கியவை. தோலாக இருந்திருந்தால் முதல் தடவை பிரித்ததோடு அந்தப் பீஸ் வீணாகியிருக்கும். துணியோ ஒவ்வொரு தடவையும் ஓட்டை மறைந்து, எதுவும் நடக்காததுபோல மேஜைக்குத் திரும்பி வந்தது.

தனத்திடம் போனில் சொன்னேன்.

"இன்னாங்க, சீமைக்குப் போயும் பீஸ் ரிஜெக்ட் பண்ற வேலதானா? பாவம் அந்தக் கெழவிங்க" என்று சிரித்தாள்.

"உனக்கு இன்னா தெரியும். அவங்க புள்ளைக்குன்னு..."

"அந்தப் பேச்ச எடுக்காதீங்க." சிரிப்பு நின்றுவிட்டது. கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "முடிச்சிட்டாங்களா?" என்றாள்.

"இன்னும் இல்ல."

"முடிக்க உடாதீங்க. மஞ்சுக்குத் தெரிய வேணாம். ஜாஸ்தி பேசவும் வேணாம், நீங்க ஒளறிடுவீங்க."

ஆனால் ஒன்பதாவது மாதம் நெருங்க நெருங்க மேல்துணி முழுமையாகிவிட்டது. அன்று நான் ஒரு மூலையைக் காட்டிக் கோணல் என்றேன். மோரீன் அளவுகோலை எடுத்து அதன்மேல் வைத்தார். நேராக இருந்தது. எனக்கும் அது தெரியும். "எங்கள் வேலை உனக்குப் பிடிக்கவில்லை. அதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்" என்றார். அவர் முகம் சிவந்திருந்தது. எங்கள் லைனில் பீஸ் ரிஜெக்ட் ஆன பெண்களின் முகம் எனக்குத் தெரியும். இது வேறு. இது கூலிக்குச் செய்யாதவருடைய முகம்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு சொன்னேன். இரண்டு தடவை போய்விட்டது. எங்கள் ஊரில் முன்கூட்டிச் செய்வதில்லை. முடித்துவிட்டால் எனக்குப் பயம். நான் முட்டாள் கிழவன் என்று நினைப்பார்கள் என எதிர்பார்த்துத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மோரீன் நாற்காலியை இழுத்து எதிரில் உட்கார்ந்தார். "நான் பிறக்கும்வரை, எனக்கு வாங்கிய குழந்தை வண்டி கடையிலேயே நின்றது. காசெல்லாம் கட்டியாகிவிட்டது. ஆனால் என் அம்மா அதை வாசல்படி ஏற்ற விடவில்லை" என்றார். மேஜையைச் சுற்றி இரண்டு மூன்று தலைகள் ஆடின. இந்த ஊரிலும் அப்படித்தான் இருந்திருக்கிறது. அவர்கள் மறந்திருந்தார்கள், அவ்வளவுதான். மூன்று ஓரம் பட்டி பிடிப்பது, நான்காவது ஓரத்தைத் திறந்தே விடுவது, போர்வை மோரீன் வீட்டில் இருப்பது என்று முடிவாயிற்று.

கீழ்ப்பக்கத் துணி மட்டும் பாக்கி. பழைய துணியாகப் போடலாமா என்று கேட்டேன். அதற்கு அவர்கள் ஒப்பவில்லை. பழசையும் புதுசையும் சேர்த்தால் பழசு முதலில் கிழிந்து எல்லாவற்றையும் கெடுக்கும், அது அவர்களுடைய விதி. அன்று தனத்திடம் இதைச் சொன்னபோது அவள், "ஊறுகா பாட்டில சுத்தியிருந்த பொடவ எங்க?" என்றாள்.

நான் கிளம்பும்போது ஊறுகாயோடு அவள் கட்டிக் கொடுத்தது, பெட்டியிலேயே இருந்தது. அவள் இருபது வருஷம் கட்டிய பருத்திப் புடவை, அரக்குக் கரை. பாட்டில் உடையாமல் இருக்கச் சுற்றியது என்று நினைத்து நான் மடித்து வைத்திருந்தேன். ஊறுகாய்க்கு எதற்கு அத்தனை துவைத்து, கஞ்சி எடுத்த புடவை என்று யோசிக்கவில்லை.

"அதுக்காகத்தான் வெச்சியா?"

"நான் எதுக்கும் வெக்கல. பாட்டிலு ஒடையாம இருக்க வெச்சேன். வேற ஒண்ணும் இல்ல" என்று போனை வைத்துவிட்டாள்.

மோரீன் அந்தப் புடவையை ஜன்னலுக்கு நேரே பிடித்து, நைந்த இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து சாக்பீஸால் குறித்தார். நான் தோலில் செய்வதும் அதேதான். குறித்த இடங்களை விலக்கி, ஒரு சதுரம் தேறியது. மேல்பக்கம் ஐம்பது வருஷம் தாங்கும், இது பத்து வருஷம் தாங்கினால் அதிகம் என்றார். பிறகு அவரே அந்த விதியை மீறித் தைத்தார். அந்தத் தையலில் நான் ஒரு குறையும் தேடவில்லை.

மஞ்சுவுக்கு வலி, நாள் ஆவதற்கு முன்பே வந்தது. ஆஸ்பத்திரி நடைவழியில் நாற்காலிகளை எண்ணினேன், விளக்குகளை எண்ணினேன், தரை ஓடுகளை எண்ணினேன். நான்காவது ஓரம் திறந்துதானே இருக்கிறது என்று யாரிடமோ சொல்லிக்கொண்டேயிருந்தேன். பெண் குழந்தை. எடை குறைவு. கண்ணாடிப் பெட்டிக்குள், ஒரு ஜோடி அப்பர் அளவுகூட இல்லாமல் கிடந்தது. பிரபு என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, மூச்சு விடுறா பாருங்க" என்றான். பார்த்தேன். அடுத்த மூச்சு வருகிறதா என்றும் பார்த்தேன். இன்றும் பார்க்கிறேன்.

குழந்தை வீட்டுக்கு வந்த பிறகு மோரீன் போர்வையைக் கொண்டுவந்தார். மஞ்சு அதை முகத்தில் வைத்துக்கொண்டு, "அம்மா பொடவ" என்று மட்டும் சொன்னாள். ஒரு வயதுவரை தொட்டிலில் போர்வை எதுவும் போடக் கூடாது என்று நர்ஸ் எச்சரித்திருந்ததால் தரையில்தான் விரித்தோம். மோரீனுக்கு வண்ணச் சதுரங்கள் மேலே இருக்க வேண்டும். அவர் போனதும் நான் திருப்பிப் போட்டுப் புடவைப் பக்கத்தில் குழந்தையைக் கிடத்தினேன். நான்காவது ஓரத்தை என்னையே தைக்கச் சொல்லியிருந்தார். தைத்தேன், இன்ச்சுக்குப் பத்து. இன்னும் ஒரு சாண் இருக்கும்போது வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்த தனம், "அங்கியே நிறுத்துங்க" என்றாள்.

"ஏன், அதான் பொறந்தாச்சே?"

"பொறந்தாச்சு. நான் இன்னும் தூக்கலயே. கொழந்தய இங்க கூட்டாந்து என் மடில போடுங்க. மீதிய நான் தெச்சுக்கறேன். நீங்க தெச்சா எப்படியும் கோணும்."

அடுத்த புதன்கிழமை மோரீன் முடிந்ததா என்று கேட்டார். ஒரு சாண் பாக்கி என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். மஞ்சுவுக்கு லீவு எப்போது கிடைக்கும், பாஸ்போர்ட் எப்போது வரும், இத்தனை சின்ன உடம்பு விமானத்தைத் தாங்குமா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. தினமும் காலையில் போர்வையை உதறி, கட்டைவிரலால் நான்கு ஓரத்தையும் தடவிப் பார்க்கிறேன். குழந்தை படுக்கிற இடம் என்பதால் ஊசியை எடுத்துவிட்டேன். திறந்த அந்த ஒரு சாணில், ஆம்பூரில் தனம் தைத்து முடிக்கப் போதுமான நீளத்துக்கு நான் விட்டிருக்கும் நூல் மட்டும் தொங்குகிறது.