நைராவின் மூலிகைக் கடை

என் அக்கா ஹுமா எதையும் பாதியில் விடமாட்டாள். குழம்பில் உப்பு கூடிப்போனாலும் தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் அம்மாவோடு சண்டைக்குப் போவாள். கப்பலூரில் ரப்பர் வாஷர் செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்ப்பது அவள் வேலை. வாசலில் லாரி நின்று ஹாரன் அடித்தாலும், அளவு பிசகிய பெட்டியை வெளியே விடமாட்டாள். முதலாளியே அவளிடம் கெஞ்சித்தான் பார்ப்பார். அப்படிப்பட்டவளை ஒரு வீடியோ கேம் அழவைத்தது என்றால் யார் நம்புவார்கள்? நான் பக்கத்தில் இருந்தேன்.

‘மூன்று நிலவுகள்’ என்று ஒரு மாயாஜாலக் கதை கேம். சார்ஜாவிலிருந்து மாமா கொண்டுவந்த மிஷினை டிவியில் மாட்டி, முதல் இரண்டு பாகங்களையும் நாங்கள் சேர்ந்தே ஆடினோம். சண்டை என் பொறுப்பு. திரையில் வரும் இங்கிலீஷைப் படித்துத் தமிழில் சொல்வது அக்கா பொறுப்பு. அவள் வாயில் ராஜாவும் தளபதியும்கூட “என்ன மாப்ள, படையக் காணோம்?” என்றுதான் பேசிக்கொள்வார்கள். அந்தக் கதையில் நைரா என்று ஒரு வில்லாளி. பனிமலை அரக்கனை ஒற்றை ஆளாக நின்று சாய்த்தவள், மண்டியிடச் சொன்ன ராஜாவிடம் முடியாது என்றவள். அக்காவுக்கு அவள்மேல் உயிர்.

மூன்றாம் பாகம் கையில் வைத்து ஆடும் சின்ன மிஷினுக்கு மட்டும்தான் வந்தது. 2008இல் மாமா அதையும் அனுப்பிவைத்தார். காஜிமார் தெரு வீட்டில், உள்ளங்கை அகலத் திரைக்கு முன்னால் நானும் அக்காவும் தலையை முட்டிக்கொண்டு உட்கார்ந்தோம்.

படு சப்பையான கேம். ஒரு கதவைத் திறந்தால் திரை கறுத்துப்போகும். டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் கறுப்பாகவே இருக்கும். எல்லா ஊரும் ஒரே ஊர், எல்லா அரக்கனும் ஒரே அரக்கன், சாயம் மட்டும் வேறு. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டாவது ஊரில் ஒரு மூலிகைக் கடைக்குள் நுழைந்தால், கல்லாவுக்குப் பின்னால் நிற்கிறாள் நைரா! கல்யாணம் ஆகிவிட்டதாம். கையில் வில் இல்லை. எத்தனை முறை பேச்சுக் கொடுத்தாலும் ஒரே வசனம்: “பத்திரமாப் போயிட்டு வாங்க.”

“இவளாடா? இவளையா கடையில உக்கார வச்சிருக்கானுங்க?” என்றாள் அக்கா. குரல் உடைந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இரு, இவள வெளிய கூட்டிட்டு வாரேன்” என்றாள்.

அந்த நேரத்தில்தான் வீட்டில் அவளுக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை சிக்கந்தர். கப்பலூருக்கு நேர் எதிர்க் கோடியில், ஒத்தக்கடையில் புது வீடு, வாசலிலேயே ஃபேன்ஸி ஸ்டோர். எங்கள் பக்கம் பெண்ணிடம் கேட்டுவிட்டு, அவள் தலையைக் குனிந்து சும்மா இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். மாப்பிள்ளையை அக்காவுக்குப் பிடித்திருந்தது, சும்மா இருந்தாள். அதற்குப் பிறகு மாப்பிள்ளையின் அம்மா சொல்லியனுப்பினார்: “கப்பலூருக்கு அம்புட்டுத் தூரம் எதுக்கு அலையணும்? நம்ம கடையில உக்காந்தாப் போதும்.” இதை யாரும் அக்காவிடம் கேட்கவே இல்லை. முதல் மௌனத்தையே இதற்கும் சேர்த்து வரவு வைத்துவிட்டார் எங்கள் அத்தா அப்துல் வஹீது. அக்காவிடமே போய் நின்றேன்.

“ஏன்க்கா வாயத் தொறக்க மாட்டேங்கற?”

“மொதல்ல இத முடிக்கிறேன்டா ஷாநவாஸ்.”

முதல் பாகத்தில் கத்தி விற்ற கிழவன் ஒருவன் இருந்தான். அவன் சரக்கு முழுவதையும் நாங்கள் வாங்கித் தீர்த்ததும் கடையைப் பூட்டிவிட்டு எங்களோடு கிளம்பி வந்தான். நைராவும் அப்படித்தான் வருவாள் என்று அக்கா முடிவுகட்டினாள். எந்த அரக்கனை அடித்துக் காசு கிடைத்தாலும் திரும்பி வந்து மூலிகையாக வாங்கிக் குவித்தாள். வாள் வாங்கவில்லை, கவசம் வாங்கவில்லை. எங்கள் வீரன் துருப்பிடித்த கத்தியோடு, நாட்டு மருந்துக் கடையைத் தூக்கிச் சுமப்பவன்போல அலைந்தான். சண்டை போடுகிறவன் நான் அல்லவா? கத்தித் தீர்த்தேன். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

ஆனால் நைராவின் கடையில் சரக்குத் தீரவே இல்லை. வாங்க வாங்க நிரம்பிக்கொண்டே இருந்தது.

கடைசி அரக்கனையும் அந்தத் துருக்கத்தியாலேயே கொன்றோம். ஊரே கூடி வீரனை வாழ்த்தியது. கூட்டத்தில் நைராவைத் தேடினோம், இல்லை. திரை கடைசியாக ஒருமுறை கடையைக் காட்டியது. அங்கே நின்று கையசைத்தாள். அவ்வளவுதான் கதை.

அக்கா மிஷினை அணைத்தாள். “அவ வரமாட்டாடா. அவளுக்கு வேற வசனமே எழுதல” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நிச்சயம் பேச சிக்கந்தரும் வீட்டாரும் வந்தார்கள். பெரியவர் ஒருவர், “பொண்ணுக்கு எல்லாம் சம்மதம்தானே?” என்று கேட்டார். அத்தா தலையாட்டுவதற்குள் அக்கா உள்ளறையிலிருந்து வந்து நின்றாள்.

“கல்யாணத்துக்குச் சம்மதம். கடையில உக்காரச் சம்மதமில்ல. நான் வேலைக்குப் போவேன்.”

மாப்பிள்ளையின் அம்மா டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, “அப்ப கடையில யாரு?” என்றார்.

“ஆள் வச்சுக்கங்க மாமி.”

சிக்கந்தர் தன் அம்மாவைத் தாண்டி அக்காவைப் பார்த்தார்.

“கம்பெனி வேன் ஒத்தக்கடைக்கு வருமா?” என்று கேட்டார்.

“வராது. பஸ்ல நானே போயிக்கிறேன்.”

யோசித்துச் சொல்கிறோம் என்று கிளம்பினார்கள். சம்மதம் என்று பதில் வர ஒரு வாரம் ஆனது. அந்த வாரம் முழுக்க அத்தா அக்காவிடம் பேசவில்லை. என் நினைவில் நிற்பது அவர்கள் வந்துபோன மறுநாள் காலை.

அக்கா வழக்கம்போல டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வேனுக்குக் கிளம்பினாள். அம்மா அடுப்படியிலிருந்து வந்து நிலைப்படியில் நின்றாள். அம்மா ஜெயினம்புவைப் பற்றி நான் இதுவரை எதுவும் சொல்லவில்லை. அவள் எங்கும் போகிறவள் இல்லை. அன்றும் எல்லா நாளும் சொல்வதையே சொன்னாள்.

“பத்திரமாப் போயிட்டு வா.”

படியிறங்கிய அக்கா அப்படியே நின்றுவிட்டாள். திரும்பி அம்மாவை ரொம்ப நேரம் பார்த்தாள்.

“வேன் வரைக்கும் நீயும் வாம்மா.”

“நான் எதுக்குடி? அடுப்புல பாலு...”

“ஷாநவாஸ் பாத்துக்குவான். நீ வா.”

அம்மா என்னைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள். பிறகு கொடியில் கிடந்த துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டு, தன் செருப்பு எங்கே இருக்கிறது என்று என்னிடம் கேட்டாள்.