பந்தைத் திருப்பிக் கொடுக்காத மனுசன்

இத்தனை வருடம் கழித்தும் அந்தக் கோச்சை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. என் கணவரை நினைத்தால் அதைவிடக் கூட.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் சிட்னியில், பென்டில் ஹில்லில் இருந்தோம். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணியின் வேகப்பந்து வீச்சாளராக இருந்த மனுசன், இங்கே ஒரு தொழிற்சாலையில் போத்தல் அடுக்கிக்கொண்டிருந்தார். ஒருநாள் மதிய இடைவேளையில், அழுகின தோடம்பழம் ஒன்றை முற்றத்தின் அந்தக் கடைசித் தொங்கலில் இருந்த குப்பைப் பீப்பாய்க்குள் குறி பிசகாமல் எறிந்திருக்கிறார். அதை அவருடைய மேற்பார்வையாளர் பார்த்துவிட்டார். அந்த ஆள்தான் பக்கத்து ஊர் பேஸ்போல் அணிக்குக் கோச். அடுத்த சனிக்கிழமையே என் கணவர் அந்த அணிக்குப் பந்தெறிகிற பிட்சர்.

கையை மடக்கினால் நோ போல் என்று பள்ளிக்கூடத்தில் பிரம்பால் அடித்துப் பழக்கின கை அது. இங்கே மடக்கி எறி என்றார்கள். கிரிக்கெட்டில் ஆறு பந்து போட்டால் மற்றவன் கைக்குப் பந்து போகும். இந்த விளையாட்டில் கோச் போதும் என்று சொல்லும்வரைக்கும் ஒரே ஆள் எறிந்துகொண்டே இருக்க வேண்டும். அந்தக் கோச் ஒருநாளும் போதும் என்று சொன்னதில்லை. மாட்டுக்குக்கூட ஒருநாள் ஓய்வு கொடுப்பார்கள். சனிக்கிழமையும் இவர், ஞாயிற்றுக்கிழமையும் இவர்.

இரண்டாவது வருடம் ஒரு செய்தி வந்தது. சம்பளத்துக்கு ஆடும் அணி ஒன்றுக்கு ஆள் எடுக்கிறார்களாம், இறுதி ஆட்டம் பார்க்க அவர்களுடைய ஆள் வருவாராம். இவருக்கு அப்போதே முப்பது தாண்டிவிட்டது. இதை விட்டால் சாகும்வரை போத்தல்தான் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அந்த நேரம் பார்த்துத்தான் முழங்கை நோகத் தொடங்கியது.

ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் வழக்கமாகக் கோச் கொடுத்துவிடும் பனிக்கட்டிப் பையை, வாதம் பிடிக்கும் என்று நானே குசினித் தொட்டியில் கொட்டிவிட்டு, உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தேன். எவ்வளவு பெரிய மடைச்சி நான்! வீக்கம் இன்னும் கூடியது.

"கோச்சிட்டைச் சொல்லுங்கோவன்" என்றேன்.

"உமக்கு உது விளங்காது. கப்டன் பந்தைத் தந்தா எறியிறதுதான். நோகுதெண்டு திருப்பிக் குடுக்கிறவன் ஆம்பிளையே?"

"ஓமோம், பெரிய ஆம்பிளை! சேட்டுப் பொத்தான் பூட்ட நான் வேணும்."

ஆறு கிழமை, ஒன்றரை மாதம், இந்தக் கூத்து நடந்தது. கடைசிச் சனிக்கிழமை அரையிறுதி ஆட்டம் முழுவதும் இவரே எறிந்தார். ஞாயிறு காலையில் சீப்பைத் தலைவரைக்கும் தூக்க முடியவில்லை. நான்தான் தலை வாரி, சேட்டுப் போட்டு, இறுதி ஆட்டத்துக்குக் கூட்டிப்போனேன்.

மைதானத்தில் எங்கள் ஆட்கள் நாலைந்து குடும்பம் கட்லட்டும் ரோல்ஸுமாக வந்து இருந்தார்கள். கோச் எங்களிடம் வந்து, "கை எப்படி, மேட்?" என்று கேட்டார். "குட்" என்றார் இவர். அந்த ஆள் சிரித்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, "நீ சொல்லு. மனைவிமாருக்குத்தான் உண்மை தெரியும்" என்றார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இவர் நிலத்தைப் பார்த்தார். நாலு பேர் முன்னால் புருசனைக் குறைத்துச் சொல்லாதே என்று சொல்லிச் சொல்லி வளர்த்த வாய் இது. நாசமாய்ப் போன வாய்.

"அவர் ஓகே" என்றேன்.

இந்த விளையாட்டில் ஒன்பது இன்னிங்ஸ். ஏழாவதில் இவர் எறிந்த பந்து பாதித் தூரத்தில் விழுந்தது. இவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டார். ஆள் எடுக்க வந்தவர் ஆட்டம் முடியும்வரை நிற்கவில்லை, குறிப்பெழுதிக்கொண்டிருந்த கொப்பியை மூடிக்கொண்டு காருக்குப் போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் முழங்கையை அமுக்கி, படத்தையும் பார்த்துவிட்டு, தசைநார் அறுந்துபோய்விட்டது என்றார். இனிப் பந்து எறிவதை மறந்துவிடச் சொன்னார். எவ்வளவு நாளாக நோவு இருந்தது என்று கேட்டார்.

"இன்றைக்குத்தான்" என்று இவர் ஆங்கிலத்தில் சொன்னாரே பார்க்கலாம்! எனக்கு வந்த ஆத்திரத்தில் எனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் கொட்டினேன். பொய், ஆறு கிழமை, தலை வார முடியாது, சோறு பிசைய முடியாது, எல்லாவற்றையும் சொன்னேன். எங்களோடு கூடவே வந்து கட்டிலின் மறுபக்கம் நின்ற கோச்சின் முகம் சிவந்தது. "கடவுளே, எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லவில்லை? ஒரு சொல் சொல்லியிருந்தால் நிற்பாட்டியிருப்பேனே" என்றார்.

சொன்னால்தான் தெரியுமோ உனக்கு, கண் இல்லையோ என்று கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் இவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை.

"இப்ப சொல்லுறீர். அங்க உம்மையும்தானே கேட்டவர்" என்றார் தமிழில்.

அவர் என்ன சொல்கிறார் என்று கோச் என்னிடம் கேட்டார்.

"ஒன்றுமில்லை" என்றேன்.